விஎம் ஹோஸ்டில் ரேம் எங்கே போகிறது? ஃபைல் கேஷை அளந்து வைக்கும் முறை

64 ஜிபி ரேம் உள்ள ஒரு சர்வர். அதில் ஆறு விஎம்கள் (ஒரே சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகள்), எல்லாவற்றுக்கும் ஒதுக்கியது சேர்த்து 44 ஜிபி. கணக்குப்படி 20 ஜிபி சும்மா கிடக்க வேண்டும். ஆனால் மாதத்தில் இரண்டு மூன்று நாள், காலையில் வந்து பார்த்தால் கணக்குப் பிரிவின் டேட்டாபேஸ் விஎம் மட்டும் அணைந்து கிடக்கும். மற்ற ஐந்தும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும்.

ரேம் பழுதோ என்று ஒரு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டினேன். பழுது இல்லை. சர்வர் விற்றவரிடம் கேட்டேன். "இன்னும் 64 ஜிபி போட்டுடுங்க சார்" என்றார். விலைப்புள்ளி வாங்கி ஒப்புதலுக்கும் அனுப்பிவிட்டேன். அது கையெழுத்தாகி வருவதற்குள் காரணம் பிடிபட்டது. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது விஎம்கள் மட்டுமல்ல, ஹோஸ்டின் (விஎம்களைச் சுமக்கும் அந்தச் சர்வரின்) ஃபைல் கேஷும்தான், அதாவது படித்த கோப்புகளை ரேமில் வைத்துக்கொள்ளும் இடம். சரிசெய்ய ஒரு ரூபாய்கூட ஆகவில்லை. கண்டுபிடிக்கத்தான் ஏழு வாரம் ஆனது. உங்களுக்கு அது ஒரு சாயங்காலத்தில் முடியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது ப்ராக்ஸ்மாக்ஸ் (விஎம்களை நிர்வகிக்கும் மென்பொருள்), அதன் அடியில் விஎம்களை ஓட்டும் லினக்ஸின் கேவிஎம், வட்டுகள் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில், மிரராக. உங்களுடையது சாதாரண உபுண்டு, டெபியனில் கேவிஎம் என்றாலும் பெரும்பகுதி பொருந்தும். இசட்எஃப்எஸ் இல்லாதவர்கள் நான்காம் படியைத் தாண்டிவிடலாம். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது அவற்றின் ஆங்கில வடிவத்தைத் தட்டுங்கள்.

நேரம்: பார்த்துக் குறித்துக்கொள்ள அரை மணி, மாற்றங்களுக்கு ஒரு மணி, ஹோஸ்டை ஒருமுறை ரீபூட் செய்ய உங்கள் சர்வர் எடுத்துக்கொள்ளும் நேரம். பழைய ரேக் சர்வர்கள் பயாஸைக் கடக்கவே ஐந்து நிமிடம் எடுக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1. எதையும் தொடுமுன் எழுதி வையுங்கள்

ஒரு தாளோ ஸ்ப்ரெட்ஷீட்டோ போதும். அதில் இவை இருக்க வேண்டும்: ஹோஸ்டின் மொத்த ரேம், ஒவ்வொரு விஎம்முக்கும் கொடுத்த அதிகபட்ச மெமரி, பலூன் (ஏழாம் படியில் விளக்குகிறேன்) வைத்திருந்தால் குறைந்தபட்சம், ஒவ்வொரு வட்டின் கேஷ் முறை, அந்த வட்டு எந்த ஸ்டோரேஜில் இருக்கிறது என்பது, இசட்எஃப்எஸ் பதிப்பு எண், ஸ்வாப் (ரேம் போதாதபோது பயன்படும் வட்டு இடம்) எங்கே எவ்வளவு இருக்கிறது என்பது. பேக்கப் எந்த மணிக்குத் தொடங்கி எப்போது முடிகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் இதைக் கடைசியாகத்தான் குறித்தேன். முதலில் குறித்திருந்தால் பாதி வேலை அன்றே முடிந்திருக்கும், ஏனென்றால் விஎம் செத்த ஒவ்வொரு முறையும் பேக்கப் நேரத்துக்குள்தான் செத்திருந்தது.

அடுத்து, விஎம்மைக் கொன்றது யார் என்று பாருங்கள். ஹோஸ்டில் 'ஜர்னல்சிடிஎல் -கே' ஓட்டி, அந்த ராத்திரியின் கர்னல் பதிவுகளில் 'அவுட் ஆஃப் மெமரி', 'கில்டு ப்ராசஸ்' என்ற சொற்களைத் தேடுங்கள். அந்த வரியில் 'கேவிஎம்' என்ற ப்ராசஸ் பெயர் இருந்தால், ஹோஸ்டின் கர்னலே மெமரி போதாமல் உங்கள் விஎம்மைப் பலிகொடுத்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் ரேமில் அதிக இடம் பிடித்திருக்கும் ப்ராசஸையே கர்னல் தேர்ந்தெடுக்கும். அதனால்தான் எனக்கு எப்போதும் 16 ஜிபி டேட்டாபேஸ் விஎம் மட்டுமே போனது. அதன் மேல் தப்பு எதுவும் இல்லை, அது பெரியது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு பொறி. இதே வரி விஎம்முக்கு உள்ளே, கெஸ்டின் (அதற்குள் ஓடும் இயங்குதளத்தின்) பதிவில் இருந்தால் கதை வேறு. அப்போது அந்த விஎம்முக்குக் கொடுத்த மெமரியே அதற்குப் போதவில்லை. அதற்கு இந்தக் கட்டுரை உதவாது. விஎம் தானாக அணைந்ததா, உள்ளே ஒரு சர்வீஸ் மட்டும் நின்றதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

2. 'ஃப்ரீ' கட்டளை காட்டும் எண்களைச் சரியாகப் படியுங்கள்

ஹோஸ்டில் 'ஃப்ரீ -எச்' தட்டுங்கள். புதியவர்கள் எல்லோரும் 'ஃப்ரீ' என்ற பத்தியைப் பார்த்துப் பயப்படுவார்கள். அதை விடுங்கள். லினக்ஸ் சும்மா கிடக்கும் ரேமைச் சும்மா விடாது, படித்த கோப்புகளை அதில் வைத்துக்கொள்ளும். அதுதான் பேஜ் கேஷ், 'பஃப்/கேஷ்' பத்தியில் தெரிவது. யாருக்காவது மெமரி தேவைப்பட்டால் அதில் பெரும்பகுதியைக் கர்னல் உடனே விட்டுக்கொடுத்துவிடும். அதனால் நீங்கள் பார்க்க வேண்டியது கடைசிப் பத்தி, 'அவெய்லபிள்'. புதிதாக ஒரு ப்ரோகிராம் தொடங்கினால் ஸ்வாப்புக்குப் போகாமல் ஏறக்குறைய எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடு அது.

இதுவரை பல இடங்களில் படித்திருப்பீர்கள். நான் வழுக்கிய இடம் இதற்கு அடுத்தது. இசட்எஃப்எஸ் லினக்ஸின் பேஜ் கேஷை நம்பியிருப்பதில்லை. ஆர்க் என்று தனக்கென்று ஒரு கேஷ் வைத்திருக்கிறது. அந்த ஆர்க் 'பஃப்/கேஷ்' பத்தியில் வராது, 'யூஸ்டு' பத்தியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதாவது கேஷ்தான், ஆனால் கேஷ் என்று எழுதியிருக்காது.

என் சர்வரில் அன்று தெரிந்தது இது. மொத்தம் 62.8 ஜிபி (64 என்று வாங்கினாலும் கர்னலுக்குக் கிடைப்பது கொஞ்சம் குறைவு). யூஸ்டு 60.4. அவெய்லபிள் 2.4. இதைப் பார்த்து "விஎம்கள் 60 ஜிபி எடுத்துவிட்டன" என்று நினைத்தேன். 44 ஜிபி ஒதுக்கிய விஎம்கள் எப்படி 60 எடுக்கும் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை, வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிரித்துப் பார்க்க இரண்டு கட்டளைகள். 'டாப்' ஓட்டி, 'கேவிஎம்' ப்ராசஸ்களின் 'ரெஸ்' பத்தியைக் கூட்டுங்கள். எனக்கு 27 ஜிபி வந்தது. அப்புறம் 'ஆர்க்_சம்மரி' ஓட்டுங்கள். முதல் பக்கத்திலேயே ஆர்க்கின் இப்போதைய அளவு, இலக்கு, குறைந்தபட்சம், அதிகபட்சம் எல்லாம் வரும். எனக்கு இப்போதைய அளவு 31.4, அதிகபட்சமும் 31.4. மீதி 2 ஜிபி ஹோஸ்டின் சொந்தச் செலவு. கூட்டினால் 60.4. முடிச்சு அவிழ்ந்தது.

3. எந்த மெமரி திரும்பி வரும் என்று பிரியுங்கள்

பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். பேஜ் கேஷ், காலி சீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவர். நீங்கள் வந்து நின்றதும் எழுந்துவிடுவார். ஆர்க்கும் எழுந்துகொள்ளும் ஆள்தான், ஆனால் மூட்டை முடிச்சு நிறைய. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு நகர்வதற்குள் பின்னால் நிற்பவர் கத்த ஆரம்பித்துவிடுவார். விஎம், துண்டு போட்டு இடம் பிடித்தவர். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த இடம் அவருக்குத்தான்.

இந்த மூன்றாம் ஆளைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு விஎம்முக்கு 8 ஜிபி கொடுத்தால், தொடங்கும்போதே ஹோஸ்ட் 8 ஜிபியையும் எடுத்து வைப்பதில்லை (ஹ்யூஜ்பேஜ் ஒதுக்கியிருந்தால் வேறு). கெஸ்ட் ஒரு பக்கத்தைத் தொடும்போதுதான் ஹோஸ்டில் அது உண்மையான ரேமாகிறது. ஒருமுறை தொட்ட பக்கத்தைக் கெஸ்ட் உள்ளே விடுவித்துவிட்டாலும் ஹோஸ்டுக்கு அந்தச் சேதி எப்போதும் போகும் என்று சொல்ல முடியாது. கெஸ்டும் ஒரு லினக்ஸ்தானே. அதுவும் தன் காலி ரேமைப் பேஜ் கேஷால் நிரப்பிக்கொள்ளும். ஆகவே சில வாரம் ரீபூட் இல்லாமல் ஓடிய விஎம், உள்ளே வேலை குறைவாக இருந்தாலும், ஹோஸ்டின் கண்ணுக்குத் தனக்குக் கொடுத்ததில் பெரும்பகுதியைத் தின்றிருக்கும்.

என் 27 ஜிபி என்பது அப்படி வளர்ந்துகொண்டிருந்த எண். மாத இறுதி அறிக்கைகள் ஓடும் ராத்திரியில் விஎம்கள் புதுப் பக்கங்களைத் தொடும். அதே நேரம் பேக்கப் எல்லா வட்டுகளையும் படித்து ஆர்க்கை உச்சத்தில் வைத்திருக்கும். இரண்டும் ஒரே வாசலில் நுழையப் பார்க்கும்போது ஆர்க் விலகுவதற்குள் கர்னல் பொறுமை இழந்துவிட்டது. "மூன்று மாதம் நன்றாகத்தானே ஓடியது" என்று நான் புலம்பியதற்கு விடையும் இதுதான்.

4. ஆர்க்குக்கு வரம்பு வையுங்கள்

முதலில் உங்கள் வரம்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓப்பன் இசட்எஃப்எஸ் 2.2 வரை, லினக்ஸில் எதுவும் சொல்லாவிட்டால் ஆர்க்கின் அதிகபட்சம் மொத்த ரேமில் பாதி. 2.3 முதல் அதுவும் மாறிவிட்டது. மொத்த ரேமில் 1 ஜிபி குறைத்த அளவு, மொத்தத்தில் எட்டில் ஐந்து பங்கு, இரண்டில் எது பெரிதோ அது. 64 ஜிபி சர்வரில் கிட்டத்தட்ட 63 ஜிபி! கோப்பு சர்வருக்கு அது சரி. விஎம் ஹோஸ்டுக்கு அல்ல.

ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல், இசட்எஃப்எஸ்ஸில் புதிதாக நிறுவும்போது நிறுவியே ரேமில் 10 சதவீதம், அதிகபட்சம் 16 ஜிபி என்று வரம்பு எழுதிவைக்கிறது. 'புதிதாக' என்பதை அடிக்கோடிடுங்கள். பழைய பதிப்பை நிறுவி மேம்படுத்திக்கொண்டே வந்தவர்களுக்கு இந்த வரம்பு வராது. நான் 7இல் நிறுவி 8க்கு வந்தவன். "8இல் இதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்" என்று ஒருவர் சொன்னதை நம்பி ஒரு வாரம் வீணாக்கினேன்.

கணக்கு இப்படி. மொத்தம் 62.8. விஎம்களுக்கு அதிகபட்சம் ஒதுக்கியது 44 (இப்போது எடுத்திருக்கும் 27 அல்ல, ஒதுக்கிய 44). ஹோஸ்டுக்கு 3. ஒவ்வொரு விஎம்மையும் ஹோஸ்டில் ஓட்டும் கியூஇஎம்யூ ப்ராசஸும் ('டாப்'பில் 'கேவிஎம்' என்று பார்த்தது) கெஸ்ட் மெமரிக்கு மேல் கொஞ்சம் எடுக்கும், ஆறுக்கும் சேர்த்து 2 வைத்தேன். மீதி 13.8. அதில் ஆர்க்குக்கு 8, கையிருப்பு 5.8.

8 போதுமா? ப்ராக்ஸ்மாக்ஸ் ஆவணம் சொல்லும் தோராய விதி: அடிப்படை 2 ஜிபி, அதற்கு மேல் ஒவ்வொரு டெராபைட் ஸ்டோரேஜுக்கும் 1 ஜிபி. என் பூல் (இசட்எஃப்எஸ் வட்டுத் தொகுப்பு) 4 டெராபைட், ஆக 6. எட்டு தாராளம்.

முதலில் ரீபூட் இல்லாமல் சோதியுங்கள். '/சிஸ்/மாட்யூல்/இசட்எஃப்எஸ்/பாராமீட்டர்ஸ்/' அடைவில் 'இசட்எஃப்எஸ்_ஆர்க்_மேக்ஸ்' என்ற கோப்பு இருக்கும். ரூட் பயனராக அதில் 8589934592 என்ற எண்ணை 'எக்கோ' செய்யுங்கள். அது பைட்டில் 8 ஜிபி. அடுத்த நொடியே ஆர்க் இறங்காது. எனக்கு ஒரு டீ குடித்துவிட்டு வரும் நேரம் ஆனது. 'ஆர்க்ஸ்டாட் 1' ஓடவிட்டால் நொடிக்கு ஒரு வரியாக இறங்குவதைப் பார்க்கலாம். அதைப் பார்ப்பதில் ஒரு தனி சுகம் இருக்கிறது.

ஓரிரு நாள் பார்த்து, சரி என்றால் நிரந்தரமாக்குங்கள். '/இடிசி/மாட்ப்ரோப்.டி/இசட்எஃப்எஸ்.கான்ஃப்' கோப்பில் 'ஆப்ஷன்ஸ் இசட்எஃப்எஸ் இசட்எஃப்எஸ்_ஆர்க்_மேக்ஸ்=8589934592' என்ற ஒரே வரி. ரூட் வட்டும் இசட்எஃப்எஸ் என்றால் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்' ஓட்டியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பூட் ஆகும்போது உங்கள் கோப்பு படிக்கப்படுவதற்கு முன்பே பழைய அமைப்போடு மாட்யூல் ஏறிவிடும். நான் இதை மறந்தேன். ரீபூட்டுக்குப் பின் ஆர்க் மறுபடி 31க்கு ஏறியதைப் பார்த்து வயிறு கலங்கியது.

இன்னும் இரண்டு பொறிகள். இந்த எண் பைட்டில்தான் இருக்க வேண்டும், '8ஜி' என்று எழுதிப் பிழைக்க முடியாது. இரண்டாவது பெரிய சர்வர் வைத்திருப்பவர்களுக்கு: ஆர்க்கின் குறைந்தபட்சம் இயல்பாக மொத்த ரேமில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. 256 ஜிபி சர்வரில் அதுவே 8 ஜிபி. நீங்கள் வைக்கும் அதிகபட்சம் அந்தக் குறைந்தபட்சத்தைவிடப் பெரிதாக இல்லாவிட்டால், உங்கள் எண்ணை இசட்எஃப்எஸ் கண்டுகொள்ளவே கொள்ளாது. அப்போது 'இசட்எஃப்எஸ்_ஆர்க்_மின்' என்பதையும் சேர்த்து இறக்கி எழுதுங்கள்.

5. ஒவ்வொரு விஎம் வட்டின் கேஷ் முறையையும் சரிபாருங்கள்

ப்ராக்ஸ்மாக்ஸில் விஎம்மின் ஹார்டுவேர் பக்கம், வட்டு, எடிட். அங்கே கேஷ் என்ற பட்டியல் இருக்கும். இயல்பு 'நோ கேஷ்'. அதாவது கெஸ்ட் எழுதுவதும் படிப்பதும் ஹோஸ்டின் பேஜ் கேஷைத் தொடாமல் நேராக ஸ்டோரேஜுக்குப் போகும். 'ரைட் பேக்' என்றால் ஹோஸ்டின் பேஜ் கேஷ் வழியாகப் போகும்.

வேகம் கூடும் என்று யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டு இரண்டு விஎம்களை ரைட் பேக் ஆக்கியிருந்தேன். விஎம்முக்குள் வேகச் சோதனை ஓட்டியதும் எண் எகிறியது, சந்தோஷப்பட்டேன். அந்த எண் வட்டின் வேகம் அல்ல, ஹோஸ்ட் ரேமின் வேகம். இப்போது எண்ணிப் பாருங்கள்: ஒரே கோப்பு கெஸ்டின் பேஜ் கேஷில் ஒரு பிரதி, ஹோஸ்டின் பேஜ் கேஷில் ஒரு பிரதி, அடியில் இசட்எஃப்எஸ் என்பதால் ஆர்க்கில் ஒரு பிரதி. கெஸ்டில் போஸ்ட்கிரெஸ் ஓடினால் அதன் ஷேர்டு பஃபரில் நான்காவது. ஒரே சாமானுக்கு நான்கு வாடகை.

என் தீர்ப்பு: இசட்எஃப்எஸ் மேல் விஎம் என்றால் 'நோ கேஷ்', யோசனையே வேண்டாம். கேஷ் வேண்டும் என்றால் விஎம்முக்கு உள்ளே கூடுதல் மெமரி கொடுங்கள். எந்தக் கோப்பு மறுபடி தேவைப்படும் என்பது ஹோஸ்டைவிடக் கெஸ்டுக்குத்தான் நன்றாகத் தெரியும். சாதாரண இஎக்ஸ்டி4 அல்லது என்எஃப்எஸ் மேல் கியூகவ்2 என்ற விஎம் வட்டுக் கோப்பு வைத்திருப்பவர்களுக்கு ரைட் பேக்கில் ஓரளவு பயன் உண்டு. ஆனால் ஹோஸ்டில் ரேம் உபரியாக இருந்தால் மட்டும். 'ரைட் பேக் அன்சேஃப்' என்று ஒன்று இருக்கும், அது கெஸ்ட் கேட்கும் ஃப்ளஷ்களையே மதிக்காது. மின்சாரம் போனால் டேட்டாபேஸும் போகும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மாற்றியதும் கெஸ்டுக்குள் ரீபூட் செய்தால் பலன் இல்லை. கியூஇஎம்யூ ப்ராசஸ் அதேதான் ஓடிக்கொண்டிருக்கும். ப்ராக்ஸ்மாக்ஸிலிருந்து ஷட்டவுன் கொடுத்து, முழுதாக நின்றபின் ஸ்டார்ட் கொடுங்கள்.

ஆர்க்கே வேண்டாம், 'பிரைமரிகேஷ்' பண்பை 'மெட்டாடேட்டா' என்று வைத்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, செய்தும் பார்த்தேன். கெஸ்ட் ஒரு சிறு துண்டு கேட்டாலும் இசட்எஃப்எஸ் முழுப் பிளாக்கையும் வட்டிலிருந்து படிக்க வேண்டும். அதை வைத்துக்கொள்ளாததால், பக்கத்துத் துண்டு கேட்கும்போது அதே பிளாக்கை மறுபடி படிக்கும். பேக்கப் நேரம் கண்ணெதிரே நீண்டது. மறுநாளே 'ஆல்' என்று திருப்பி வைத்தேன்.

6. பேக்கப்பை அடக்குங்கள்

எனக்குப் பேக்கப் முடிந்ததும் அந்தக் கோப்புகள் ஒரு யுஎஸ்பி வட்டுக்கு நகலாகும். அந்த வட்டு இஎக்ஸ்டி4. அதாவது படிக்கும் பக்கம் ஆர்க் வீங்கும், எழுதும் பக்கம் பேஜ் கேஷ் வீங்கும். அதுவும் அழுக்குப் பக்கங்களோடு, அதாவது வட்டில் இன்னும் எழுதி முடிக்காத பக்கங்களோடு. நான் முன்பு "உடனே எழுந்துவிடுவார்" என்றது சுத்தமான பக்கங்களுக்கு மட்டும். அழுக்குப் பக்கத்தை எழுதி முடித்தபின்தான் விடுவிக்க முடியும். யுஎஸ்பி வட்டு ஆமை வேகம்.

லினக்ஸின் இயல்பு, கிடைக்கக்கூடிய மெமரியில் 10 சதவீதம் அழுக்கானதும் பின்னணியில் எழுதத் தொடங்குவது, 20 சதவீதம் ஆனதும் எழுதும் ப்ராசஸையே நிறுத்திவைப்பது. ரேம் குறைவாக இருந்த காலத்து அளவு இது. பெரிய ஹோஸ்டில் பல ஜிபி சேர்ந்துவிடும். சதவீதத்தை விட்டுவிட்டு நேரடி அளவு கொடுங்கள்: 'சிஸ்சிடிஎல்' அமைப்பில் 'விஎம்.டர்ட்டி_பேக்ரவுண்ட்_பைட்ஸ்' 268435456 (256 எம்பி), 'விஎம்.டர்ட்டி_பைட்ஸ்' 1073741824 (1 ஜிபி). பைட்டில் கொடுத்ததும் பழைய சதவீத அமைப்பு பூஜ்யம் என்று காட்டும், அது சரிதான்.

நகலெடுக்கும் ஸ்கிரிப்டையும் ஒரு வேலிக்குள் போடலாம். 'சிஸ்டம்டி-ரன் --ஸ்கோப் -பி மெமரிஹை=1ஜி' என்று முன்னால் சேர்த்து உங்கள் 'ஆர்சிங்க்' கட்டளையை ஓட்டுங்கள். அந்த நகல் வேலை உண்டாக்கும் பேஜ் கேஷ் அதன் கணக்கிலேயே எழுதப்படும். ஒரு ஜிபியைத் தாண்டினால் தன்னுடையதையே விட்டுக்கொடுக்க வேண்டும், விஎம்களைத் தொந்தரவு செய்யாது. ஆர்க் மட்டும் இந்த வேலிக்குள் அடங்காது. அதற்குத்தான் நான்காம் படி.

ஸ்வாப்பைப் பற்றி இரண்டே வரி. 'விஎம்.ஸ்வாப்பினஸ்' இயல்பு 60, ஹோஸ்டில் 10 ஆக்குங்கள். இல்லாவிட்டால் கோப்பு கேஷுக்கு இடம் தேடி உங்கள் விஎம்மின் மெமரியை ஸ்வாப்புக்குத் தள்ளும். ஸ்வாப்பை இசட்எஃப்எஸ் வால்யூமில் வைக்காதீர்கள். மெமரி நெருக்கடியில் எழுதப்போகும் இசட்எஃப்எஸ்ஸுக்கே மெமரி தேவை, ஹோஸ்ட் அப்படியே உறைந்துபோகலாம். தனி பார்ட்டிஷன் வையுங்கள்.

7. பலூனை நம்புமுன்

பலூன் என்பது கெஸ்டுக்குள் ஓடும் ஒரு டிரைவர். ஹோஸ்ட் கேட்டால் உள்ளே மெமரியைப் பிடித்து ஹோஸ்டிடம் திருப்பிக் கொடுக்கும். துண்டு போட்டவரிடம் பேசிக் கொஞ்சம் இடம் வாங்குவதுபோல. லினக்ஸ் கெஸ்டுகளில் டிரைவர் ஏற்கெனவே இருக்கும். விண்டோஸ் என்றால் விர்ட்ஐஓ டிரைவர் தொகுப்பை நீங்கள்தான் நிறுவ வேண்டும். கிராபிக்ஸ் கார்டு போன்ற பிசிஐ சாதனத்தை விஎம்முக்கு நேரடியாகக் கொடுத்திருந்தால் பலூனை மறந்துவிடுங்கள், அந்த விஎம்மின் மெமரி முழுதும் ஆணி அடித்ததுபோல் நின்றுவிடும்.

ப்ராக்ஸ்மாக்ஸ் தானியங்கிப் பலூன், ஹோஸ்டின் மெமரிப் பயன்பாடு 80 சதவீதத்தை ஒட்டியதும் வேலையைத் தொடங்கும். இப்போது இரண்டாம் படியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆர்க் 'யூஸ்டு' கணக்கில் இருக்கிறது. ஆர்க் 31 ஜிபி வரை வளர விட்டிருந்த என் ஹோஸ்ட் எப்போதும் 80க்கு மேல்தான். விளைவு, ஹோஸ்டின் கேஷுக்கு இடம் கொடுப்பதற்காகக் கெஸ்டுகள் பட்டினி கிடந்தன. உள்ளே இருந்த, உண்மையிலேயே பயன்படும் கேஷ் சுருங்கியது. "ஹோஸ்டில் நிறைய மெமரி இருக்கிறது, விஎம் ஏன் மந்தமாக இருக்கிறது" என்று பயனர்கள் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. ஆர்க்கை அடக்கியபின்தான் பலூனை இயக்குங்கள். டேட்டாபேஸ் விஎம்முக்குக் குறைந்தபட்சமும் அதிகபட்சமும் ஒன்றாகவே வையுங்கள், அதன் மெமரியில் பேரம் வேண்டாம்.

8. கேஷைக் காலி செய்யும் கிரான் வேலையை எடுத்துவிடுங்கள்

'ட்ராப்_கேஷஸ்' கோப்பில் 3 எழுதினால் கேஷ் காலியாகும், ஃப்ரீ எண் அழகாக ஏறும். மணிக்கு ஒருமுறை இதை ஓட்டச் சொல்லி நிறைய பேர் அறிவுரை தருவார்கள், நானும் மூன்று வாரம் ஓட்டினேன். அடுத்த நிமிடம் எல்லா விஎம்களும் வட்டை நோக்கி ஓடும், பிறகு கேஷ் மறுபடி நிரம்பும். வேகச் சோதனைக்கு முன் ஒருமுறை செய்யலாம். அதைத் தவிர வேறு வேலை அதற்கு இல்லை.

9. எந்த நாளில், எந்த வரிசையில்

மாத இறுதியையும் முதல் வாரத்தையும் விடுங்கள். நான் தேர்ந்தெடுத்தது இரண்டாம் சனிக்கிழமை ராத்திரி. அன்றைய பேக்கப் முடிந்ததா என்று மட்டும் பார்க்காதீர்கள். ஒரு சிறிய விஎம்மை வேறு எண்ணில் ரீஸ்டோர் செய்து பூட் ஆகிறதா என்றும் பாருங்கள், இருபது நிமிடச் செலவு. அப்புறம் ஆர்க் வரம்பு, கேஷ் முறை, சிஸ்சிடிஎல், இனிட்ராம்எஃப்எஸ், விஎம்களை நிறுத்துதல், ஹோஸ்ட் ரீபூட். ஏறியதும் 'ஆர்க்_சம்மரி'யில் அதிகபட்சம் 8 என்று இருக்கிறதா பார்த்துவிட்டுத்தான் விஎம்களைத் தொடங்க வேண்டும்.

திங்கள் காலை எல்லாம் கொஞ்சம் மந்தமாக இருக்கும். ரீபூட்டுக்குப் பின் ஆர்க்கும் காலி, கெஸ்டுகளின் கேஷும் காலி. யாராவது போன் செய்து கத்தினால் உடனே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடாதீர்கள். எனக்கு மதியத்துக்குள் பழைய வேகம் வந்துவிட்டது.

அடுத்த ஒரு வாரம் இரண்டு எண்களைக் கவனியுங்கள். ஒன்று, பேக்கப் நேரத்து அவெய்லபிள். எனக்கு அது 5 ஜிபிக்குக் கீழே போகவில்லை. இரண்டு, '/ப்ராக்/ப்ரெஷர்/மெமரி' கோப்பு. அதில் 'சம்' வரியின் சராசரிகள் பூஜ்யத்திலேயே இருந்தால் மெமரிக்காக யாரும் காத்திருக்கவில்லை. அது தொடர்ந்து பூஜ்யத்துக்கு மேல் நின்றாலோ, ஆர்க்கின் ஹிட் விகிதம் முன்பைவிட வெகுவாகச் சரிந்து வட்டுகள் திணறினாலோதான் ரேம் வாங்கும் பேச்சு.

என் விலைப்புள்ளி அப்போது ஒப்புதலாகி வந்துவிட்டது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன், காரணம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, அது தனிக் கதை. முதல் படியில் எழுதிய தாளை இப்போது சர்வர் கேபினெட்டின் கதவில் ஒட்டியிருக்கிறேன்: விஎம் 44, ஆர்க் 8, ஹோஸ்ட் 3, கியூஇஎம்யூ 2, மீதி 5.8. போன வாரம் 8 ஜிபியில் புது விஎம் ஒன்று கேட்டு வந்தார்கள். தாளைக் காட்டி, 6 ஜிபி வாங்கிக்கொண்டு சும்மா கிடக்கும் பழைய டெஸ்ட் விஎம்மை 2 ஆக்கச் சம்மதித்தால் 4 தருகிறேன் என்றேன். யோசித்துச் சொல்கிறோம் என்று போயிருக்கிறார்கள்.